இடப்பக்கம் ஒரு மூச்சு குறைவு

உங்கள் ஸ்டேஷன் மேஜை ஆடுகிறது. இடப்பக்கப் பின்கால் கொஞ்சம் குட்டை. எழுதுவதற்காக நீங்கள் கொடுத்த தாள்களில் ஒன்றை நாலாக மடித்து அதன் அடியில் வைத்திருக்கிறேன், பிறகு ஒரு தாள் குறைகிறதே என்று தேட வேண்டாம். இனி கையெழுத்து கோணாமல் வரும்.

நேற்றுக் காலை தபால் அலுவலக முற்றத்தில் என் மனைவி லாரியில் எப்படி மோதினாள் என்று கேட்டீர்கள். வாசல் கதவருகே நின்றிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பார்த்ததை எழுதச் சொன்னீர்கள். பக்கத்து அறையில் லாரி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் ஆள் எழுதிவைத்த குறிப்பில் காரணம் என்ற இடத்தில் 'நிலைதடுமாறும் நோய்' என்று போட்டிருக்கிறது. அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நான் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அது தப்பான அளவு. தப்பான அளவின் கீழ் நான் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

தராசு பழுது பார்ப்பது என் தொழில். மளிகைக்கடை, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி, லாரியோடு சேர்த்து நிறுக்கும் எடைமேடை, எங்கே கூப்பிட்டாலும் போவேன். கலைந்துபோன தராசை நேர்செய்து ஈய முத்திரை குத்திவிட்டு வந்தால் ஒரு வருஷத்துக்கு அதைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்காகவும் முள்ளை இம்மியளவு நகர்த்திக் கொடுத்ததில்லை. கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் இன்றைக்கும் வேண்டாதவன்தான். என் மனைவி எனக்கு 'முள்ளு' என்று பெயர் வைத்திருந்தாள். "என்ன முள்ளு, இன்னைக்கு நடுவுல நிக்குதா?" என்று காலையில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

அவளுக்குத் தெரு வைத்த பெயர் 'சக்கரம்'. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய அக்கா ஒருமுறை சொல்லப்போய் அது ஒட்டிக்கொண்டது. வாரத்தில் ஆறு நாள் சைக்கிளில் தபால் கொடுப்பாள். ஏழாவது நாள் ஓய்வு, அன்றைக்கும் சைக்கிள்தான். கூட்டாளிகளோடு விடிகாலையில் கிளம்பினால் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் திரும்புவாள். அவள் வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் சங்கிலி துடைக்கும்போதுதான். நான் குறை சொல்லவில்லை. பதினோரு வருஷக் குடித்தனம், ஒரு நாளில் எனக்கென்று கிடைத்தது சாப்பாட்டு நேரம் போக இருபது நிமிஷம். அளவைத்தான் சொல்கிறேன்.

ஏழு மாதத்துக்கு முன் நிறுத்தியிருந்த ஒரு காரின் கதவு திடீரென்று திறந்து அவள்மேல் பட்டது. தலைக்கவசம் மண்டையைக் காப்பாற்றிவிட்டது. உள்காதுதான் அடிபட்டது. நம்மை நிமிர்ந்து நிற்க வைக்கும் கருவி அங்கேதான் இருக்கிறது என்று காது டாக்டர் படம் வரைந்து காட்டினார். எங்கள் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு எட்டு. அந்தப் பன்னிரண்டு எட்டுக்கும் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டுதான் வருவாள். முதல் வாரம் அவள் கை என் கையில் நான்கு கிலோ கனத்தது. இதில் எனக்குத் தப்பாது. நான் வேலைக்குப் போனால் மணிக்கொரு தரம் போன் வரும். "எங்க இருக்கீங்க?" என்பாள். அதுவரை எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோ வந்தார். கால் பலம் போய்விடக்கூடாது, முதலில் நின்ற இடத்தில் மிதிக்கட்டும் என்றார். பின்சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் ட்ரெய்னர் ஒன்றை வாங்கிப் பின்னறை ஜன்னலுக்கு எதிரே வைத்து, அவள் சைக்கிளை அதில் பூட்டினேன். ஒன்றரை மாதம் மிதித்தாள். மிதித்தாளே தவிர முகம் தொங்கிப்போயிருந்தது.

"இது செத்த சைக்கிள். ரெண்டு பக்கமும் அசையவே மாட்டேங்குது. ரோட்டுல ஒவ்வொரு மிதிக்கும் வண்டி நம்மகூட ஆடும் தெரியுமா?" என்றாள்.

அவள் சொன்னது சரி என்றார் பிசியோ. காது மறுபடி பழக வேண்டுமானால் சாய வேண்டும், சாய்ந்து நேராக வேண்டும், தினமும் ஆயிரம் தடவை அது நடக்க வேண்டும். ட்ரெய்னருக்கு அடியில் வைக்க ஆடுபலகை என்று ஒன்று இருக்கிறதாம். நானே செய்து தருகிறேன் என்றேன்.

அதைச் செய்ததில் ஒரு கள்ளமும் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு தடித்த ஒட்டுப்பலகைகள், ஒன்றின்மேல் ஒன்று. நடுக்கோட்டில் முன்னும் பின்னும் இரண்டு பேரிங். மேல்பலகை அந்த அச்சில் இடமும் வலமும் ஆடும். ஆடியது நடுவுக்குத் திரும்ப வேண்டுமே, அதற்காக இரண்டு பலகைக்கும் இடையில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ரப்பர் பந்துகள், குழந்தைகள் விளையாடுகிறவை. காற்று கூடினால் பலகை விறைப்பாக நிற்கும், குறைந்தால் தாராளமாக ஆடும். ஊசி வைத்த கைப்பம்பை ஒருமுறை அழுத்தினால் போகும் காற்றுக்கு நாங்கள் 'ஒரு மூச்சு' என்று பெயர் வைத்தோம். பந்துக்குப் பதினான்கு மூச்சு. அவள் எடைக்கு அதுதான் சரியாக இருந்தது.

முதல் நாள் ஏறி நாலு மிதி மிதித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முள்ளு, உயிர் வந்துடுச்சு!" என்றாள். கார்க் கதவு பட்டதற்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மளமளவென்று தேறினாள். என் கையில் நான்கு கிலோவாக இருந்த அவள் கை இரண்டானது, ஒன்றானது, விரல் நுனி மட்டும் ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை அவளாகவே எழுந்து குளியலறைக்குப் போய், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு திரும்பி வந்தாள். நான் கட்டிலருகே முழங்கையை நீட்டியபடி நின்றிருந்தேன். "ஏன் கைகாட்டி மரம் மாதிரி நிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று போனும் வரவில்லை. நானாக அழைத்தபோது, பழைய கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரமே ஒருநாள் பயிற்சியை முடித்துக்கொண்டு இறங்கியவள் தள்ளாடினாள். "நேத்து நல்லா இருந்தேனே, இன்னைக்கு என்னமோ இழுக்குது" என்று என் கையைப் பிடித்தாள். இரண்டரைக் கிலோ இருக்கும். அவளைப் படுக்க வைத்துவிட்டு வந்து பலகையைப் பார்த்தேன். இடப்பக்க முன்பந்தில் ஊசி போகும் வாயில் காற்று கசிந்து பலகை ஒரு நூல் இடப்பக்கம் இறங்கியிருந்தது. இது அவள் தப்பில்லை, பந்தின் தப்பு. சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டு மறுபடி ஏறியிருப்பாள்.

நான் பந்தை ஒட்டிச் சரிசெய்தேன். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று மாலை முழுவதும் என்னோடு ஒட்டிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து இடப்பக்கப் பந்துகளில் ஒரு மூச்சைக் குறைத்தேன். பதினான்குக்குப் பதின்மூன்று. யாரையும் தள்ளிவிடவில்லை, எதையும் உடைக்கவில்லை. கொஞ்சம் நிதானமாகத் தேறட்டும் என்று நினைத்தேன். அவளுக்கு எதிலும் அவசரம் அதிகம். அவள் தரையில் நன்றாக நடக்கிற வாரம் இன்னொரு மூச்சு குறையும், மிகவும் சோர்ந்துபோனால் ஒன்று கூடும். காலையில் பம்பும் கையுமாக நான் பின்னறைக்குள் போவதைப் பார்த்து, "எனக்காக எவ்வளவு மெனக்கெடறீங்க" என்று கண் கலங்குவாள். அப்போது எனக்கும் அழுகை வரும். நடித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரே இடத்தில் பழகப் பழக உடம்பு அதையே நேர் என்று எடுத்துக்கொள்ளும். மாவட்டம் முழுக்க எத்தனையோ தராசுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். பலகை இடப்பக்கம் சாய்ந்திருந்ததால் அவள் உடம்பு வலப்பக்கம் நிமிரக் கற்றுக்கொண்டது. பலகையிலிருந்து இறங்கினால் சரியாக இருக்கும் தரை வலப்பக்கம் சரிவதுபோல் அவளுக்குத் தெரியும். காது டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டுக் காது ஆறிவிட்டது, வேறு காரணம் தெரியவில்லை என்றார். மூளை இன்னும் பழகவில்லை போலிருக்கிறது, பயிற்சி நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள் என்றார் பிசியோ. ஆக்கினோம்.

ஒருநாள் அவளே கேட்டாள். "பலகை சரியாத்தான் இருக்கா? மட்டம் வச்சுப் பாருங்களேன்."

இந்த இடத்தில்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னிடம் ஒரு ரசமட்டம் உண்டு. கண்ணாடிக் குழலுக்குள் குமிழி மிதக்குமே, அதுதான். என் குருநாதர் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷம் நூறு எடைமேடைகளுக்கு அது சொன்னதே தீர்ப்பு. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பட்டறையில் அதன் இரண்டு திருகாணிகளையும் தளர்த்தி, குழலை அந்தச் சாய்வுக்குத் தகுந்தபடி நகர்த்தி இறுக்கினேன். மறுநாள் அவள் கண் முன்னாலேயே பலகையில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது.

அவள் குனிந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப கோளாறு எனக்குத்தான்" என்றாள். அதற்கப்புறம் பலகையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

ஒரு கருவியைப் பொய் சொல்ல வைத்தது என் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு சாய்வைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாற்றினால் மட்டத்தையும் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு மனம் ஒப்பவில்லை. அந்த வகையில் நான் ஒரு கட்டுக்குள்தான் இருந்தேன்.

பிறகு வந்த மாதங்களில் அவள் குரல் இறங்கிப்போயிற்று. கூட்டாளிகள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொல்வாள், சொல்லுவேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "எல்லாரும் சரியாயிட்டேன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் தரை சாயுது. எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?" என்று கேட்டாள். நான் அவள் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உள்ளதை எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவளைப் போல என்மேல் சாய்ந்தவர்கள் யாரும் இல்லை.

போன மாதம் தபால் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முற்றத்தில் இரண்டு வெள்ளைக்கோடு போட்டு வைப்பார்களாம். அவற்றுக்கு நடுவில் முப்பது மீட்டர் சைக்கிள் ஓட்டிக் காட்டினால் பழைய தெருக்கள் திரும்பக் கிடைக்கும். முடியாவிட்டால் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. மடிப்பில் கிழிந்துவிட்டது. "இது போச்சுன்னா நான் இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றாள். நான் இருக்கிறேனே என்றேன். அவள் கிழிந்த கடிதத்தை மறுபடி பிரித்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ரசமட்டம் அலமாரியில் முனை மாறிக் கிடந்தது. முத்திரை பதித்த முனை வெளியே தெரியும்படிதான் நான் அதை வைப்பேன். தூசி தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து அந்த அலமாரியை மாட்டியபோது நான் அவளுக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தேன். "மட்டத்தை ஒருதரம் வச்சுப் பாரு, அப்புறம் முனை மாத்தி வச்சுப் பாரு. ரெண்டு தரமும் குமிழி ஒரே இடத்துல நின்னா அது யோக்கியமான மட்டம்." அது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அன்று மாலை பஸ்ஸில் அவள் அக்கா வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ், கட்டில் ஒரு நூல் சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண். வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று, மனைவி குளிக்கப் போன நேரத்தில் நான்கு பந்துக்கும் பதினான்கு மூச்சு அடித்தேன். மட்டத்தின் திருகாணிகளைத் தளர்த்திக் குழலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். எல்லாம் சுத்தமாக, நேராக, உண்மையாக இருந்தது. அன்றைக்கு யார் வந்து சோதித்திருந்தாலும் முத்திரை குத்தியிருப்பார்கள்.

அவள் கடைசித் தரமாகப் பலகையில் ஏறினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, வலப்பக்கம் சரிந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இறங்கிப் போய் அலமாரியிலிருந்து மட்டத்தை எடுத்து வந்து பலகையில் வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே முனை மாற்றி வைத்தாள். அப்போதும் நடுவில்தான் நின்றது.

"காலையில வேற மாதிரி இருந்துச்சு" என்றாள், மெதுவாக.

"உனக்கு அப்படித் தோணியிருக்கும்மா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை. பிறகு மட்டத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "நாளைக்கு நீங்க வர வேண்டாம். அக்கா போதும்" என்று சொல்லி உள்ளே போனாள். சுவரைப் பிடிக்காமல் போனாள்.

இப்போது யோசித்தால் அவள் மனதில் ஓடியது புரிகிறது. பலகைதான் பொய், நான் சரியாகத்தான் இருக்கிறேன் என்று முடிவு கட்டியிருக்கிறாள். பாதி சரி. பலகை பொய்தான். ஆனால் அந்தப் பொய் அவள் உடம்புக்குள் இறங்கி மாதக்கணக்காகிவிட்டது, அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அன்று இரவுக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தேர்வைத் தள்ளிப்போட்டு, நேரான பலகையில் மறுபடி பழகி, இரண்டு மாதத்தில் தெருவுக்குப் போயிருப்பாள். போயிருப்பாள் என்பதால்தான் சொல்லவில்லை.

வர வேண்டாம் என்றாலும் மனசு கேட்கவில்லை. காலையில் முற்றத்து வாசலில் போய் நின்றேன். போஸ்ட்மாஸ்டர் கையில் காகிதத்தோடு கோட்டின் முடிவில் நின்றார், பக்கத்தில் அக்கா. வலப்பக்கம் தபால் மூட்டைகளை ஏற்ற ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தார், வேகமும் இல்லை. அவள் தாடையை நிமிர்த்திக்கொண்டு ஏறினாள். முதல் பத்து மீட்டர் கோடு போட்டதுபோல் போனாள். என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது. அதன் பிறகு உடம்பு தனக்குத் தெரிந்த நேரைத் தேடியது. வலப்பக்கம் வெள்ளைக்கோட்டைத் தாண்டி, லாரியின் பின்சக்கரத்துக்குள் போனாள்.

டிரைவரின் தப்பு இதில் ஒன்றுமில்லை. நோயும் இல்லை. அவளைச் சாய்த்தது நான். காரணம் என்ற இடத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. ஆஸ்பத்திரியில் பார்க்கும் நேரம் ஐந்து மணியோடு முடிகிறது, அதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள். கழுத்துக்குக் கீழே இனி அசைவு வராது, வலது கை விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும், பேச்சு வருவது சந்தேகம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நினைவு நன்றாக இருக்கிறதாம். அக்கா எத்தனை நாள் லீவு போட முடியும்? அவளுக்கு இனிமேல் நான்தான். கட்டிலின் இடப்பக்கச் சக்கரம் ஒன்று தேய்ந்திருக்கிறது, அவளுக்குச் சாய்வு ஆகாது, போனதும் அதைச் சரிசெய்ய வேண்டும். நேற்று மாலை அவள் விரல்களுக்குள் என் கையை வைத்தேன். எடையே இல்லை. விரல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து நகர்ந்து என் கையை விட்டு விலகிப் படுக்கையின் ஓரம் வரை போய் நின்றன. வாசலில் நின்றிருந்த அக்கா, "தம்பி, அவளை விட்டுருங்க" என்றார். அவருக்குப் புரியவில்லை. அந்த விரல்கள் என்னைத்தான் தேடுகின்றன, இன்னும் திசை பிடிபடவில்லை, அவ்வளவுதான். நான் தினமும் பக்கத்தில் இருந்தால் பழகிவிடும்.